மலை ஏறாத வருஷம்

என் மனைவி பிறந்த ஊரில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. யாழ்ப்பாணம் தோசைக்கல் மாதிரி தட்டை, கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் அதுதான் உயரம் என்று அவளே சொல்வாள். நான் மலேசியாவில் ஈப்போக்காரன். கொல்லைப்புறத்தில் சுண்ணாம்புக் குன்று நிற்கும் ஊரில் வளர்ந்தவன். படிக்க லண்டனுக்கு வந்து, வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டேன். எங்கள் இருவரில் மலைக்கு ஆசைப்பட்டது அவள். அவளை ஏறவிடாமல் செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து வேறு யார் தலையிலாவது பழியைப் போட்டுவிடுவேன்.

நாங்கள் தென்லண்டனில், நார்தர்ன் லைன் ரயில் முடியும் மோர்டனில் இருக்கிறோம். பக்கத்து நியூ மோல்டனில் கொரியர்கள் அதிகம். அங்கே ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் அவள் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த கொரியப் பெண் ஒருத்தி ஊருக்குப் போய்வந்தபோது ஒரு வரைபடம் கொண்டுவந்து கொடுத்தாள். ஜிரிசான் என்ற மலைத் தேசியப் பூங்காவின் நடைபாதை வரைபடம். எந்தப் பாதை சுலபம், எது கடினம் என்று நிறம் நிறமாகக் கோடுகள். மலை முதுகில் ஆங்காங்கே சின்னச் சின்ன வீட்டுப் படங்கள், நடப்பவர்கள் முன்கூட்டியே பதிந்து இரவு தங்கும் இடங்கள். அவள் அவற்றை மடம் என்றாள். "ரெண்டு மடம், மூண்டு நாள், மூண்டாம் நாள் உச்சி" என்று சோறாக்கும் பானைக்கு மேலே சுவரில் அதை ஒட்டிவிட்டாள்.

அந்த மலையைப் பற்றி ஒரு பேச்சு உண்டாம். மூடன் போய்த் தங்கினாலும் அறிவாளியாகத் திரும்புவானாம்.

"அப்ப உங்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகவேணும்," என்றாள்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று தோன்றியது. ஆனால் அவளோடு போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் விம்பிள்டன் காமன், பிறகு சர்ரேயில் பாக்ஸ் ஹில். மழை என்றால் நார்தர்ன் லைனில் இந்த நுனியில் ஏறி ஆர்ச்வேயில் இறங்கி, ஹைகேட் ஏற்றத்தில் முருகன் கோயில் வரை நடப்போம். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பார்களே, லண்டனிலும் அவன் அப்படி ஒரு ஏற்றமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறான். பாரம் பழகவேண்டும் என்று முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்துக்கொண்டு ஏறுவாள். ஒருநாள் கோயிலில் தண்ணீர் எடுக்கப் பையைத் திறந்தபோது, சமையலுக்கு நின்ற அண்ணை ஒருவர் அரிசியைப் பார்த்துவிட்டார். அன்னதானத்துக்கு என்று நினைத்து, நல்லாயிருப்பியள் என்று வாழ்த்தி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கும்போது வெறும் பையோடு சிரித்துச் சிரித்து வந்தாள். அடுத்த வாரம் தோட்டத்துச் செங்கல் இரண்டு பைக்குள் போயின.

அக்டோபரில் இலை நிறம் மாறும்போது போவதாக ஏற்பாடு. லீவு போட்டாயிற்று, மடங்களும் பதிந்தாயிற்று. ஆகஸ்டில் என் அம்மா இறந்துபோனார்.

நான் ஒரே மகன். விமானம் தாமதம், இடையில் மாறவேண்டிய விமானம் தவறியது. ஈப்போ வீட்டு வாசலில் நான் இறங்கியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகன் கொள்ளி வைத்திருந்தான். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குச் சாம்பல்தான் கிடைத்தது. அதைக் கரைத்துவிட்டு, மூன்று வாரத்தில் லண்டன் திரும்பி, திங்கட்கிழமையே வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவே இல்லை.

செப்டம்பரில் ஒரு காலை அக்காவோடு போனில் பேசும்போது கொரியாப் பயணத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தம்பி, அம்மா போய் ஒரு மாசம்தான் ஆவுது. தலைத் திவசம் முடியுற வரைக்கும் மலை ஏறக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? பத்துமலைக்கே போகக்கூடாது, நீ கொரியா மலைக்கா போற?"

எனக்குத் தெரியும். அப்பா இறந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கமே யாரும் போகவில்லை. கொள்ளிதான் வைக்கவில்லை, இதையாவது காப்பாற்று என்று அக்கா சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது. நான் ரயில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளன். இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவன் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறவன். அன்று பயந்துபோனேன்.

மனைவியிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள்.

"எங்கட ஊரில மலையும் இல்லை, உந்தச் சட்டமும் இல்லை. நான் உங்களைக் கோயிலுக்கே கூப்பிடுறன்? நடக்கத்தானே போறம்."

"மலை மலைதானே," என்றேன். "நான் வரல. எங்கம்மாவுக்கு நான் வேற ஒண்ணும் செய்யல."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். தனியாகப் போ என்று நானும் சொன்னேன், ஒப்புக்கு. என்னை விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன். பத்து நாள் கழித்து மடங்களுக்கு அவளே எழுதி ரத்துச் செய்தாள். "மலை என்ன ஓடியே போகப்போகுது? வாற வருசம் போவம்," என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட. அலுவலகத்தில் கொரியா என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அம்மாவுக்காக விட்டுவிட்டேன் என்றேன். வெள்ளைக்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

தை மாதத்தில் அவளுக்கு இருமல் தொடங்கியது. குளிர் என்று நினைத்தோம். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். கேட்டால் முழங்கால் என்பாள். ஏப்ரலில் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்து, அது பரவிக்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறைக்க மருந்து உண்டு, திரும்பச் சரியாக்க ஒன்றும் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எவ்வளவு காலம் என்று இவள் கேட்கவில்லை. இந்த அக்டோபரில் மலை ஏற முடியுமா என்று கேட்டாள். டாக்டர், உங்கள் வீட்டில் எத்தனை படிகள் என்று கேட்டார். கட்டிலைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போன நேரத்தில் நான் மட்டும் திரும்பி உள்ளே போய் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. போன அக்டோபர் என்றால்? அப்போதே உள்ளுக்குள் ஆரம்பித்திருக்கும் என்றார் டாக்டர். ஆனால் ஏறியிருப்பார், மெதுவாக என்றாலும் ஏறியிருப்பார் என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஒரு சொல்லோடுதான் அதற்குப் பிறகு வாழ்கிறேன். ஏறியிருப்பார். பல் துலக்கும்போது வருகிறது, ரயிலில் வருகிறது, கூட்டத்தில் யாரோ பாலத்தைப் பற்றிப் பேசும்போது வருகிறது. முருகனைத் திட்டிப் பார்த்தேன், அக்காவை மனதுக்குள் திட்டிப் பார்த்தேன். திட்டி முடித்ததும் மிச்சம் நான்தான் இருந்தேன். எனக்கு இதில் மன்னிப்பு கிடையாது என்று தெரிகிறது. அவளிடம் கேட்க, டாக்டர் சொன்னதை முதலில் அவளுக்குச் சொல்லவேண்டும்.

ஜூன் மாதம் ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்தது. மூக்கிலிருந்து நீளக் குழாய் தரையில் இழுபட, கட்டிலிலிருந்து குசினிக்கு வருவாள், திரும்பிப் போவாள். "இஞ்சேருங்கோ, என்ர வாலை மிதியாதேங்கோ," என்று வேடிக்கை பேசுவாள். பகலில் போனில் ஒரு வீடியோ பார்ப்பாள். யாரோ ஒரு கொரியர் ஜிரிசான் பாதையில் நடந்துகொண்டே படம் எடுத்தது. அதில் பேச்சில்லை, பாட்டில்லை. கல்லில் சப்பாத்து உரசும் சத்தம், மரப்படி, இரும்புப்படி, பாதையோரம் எண் எழுதிய கம்பங்கள், எதிரே வருபவர்களின் வணக்கம், பிறகு அந்த ஆள் மூச்சு வாங்கும் சத்தம். மணிக்கணக்காக அந்த மூச்சு. எனக்குத் தாங்காது, எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

"நல்ல மூச்சு அந்த ஆளுக்கு," என்பாள், பொறாமை இல்லாமல்.

ஆகஸ்டில் அம்மாவின் தலைத் திவசம் வந்தது. அவளால் வர முடியாது. மோர்டனில் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் ஆர்ச்வே கோயிலுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் குருக்கள் ஒருவர் பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார். எல்லாம் முடிந்து தட்சிணை கொடுத்தபோது, "வருசம் முடிஞ்சுது. இனிப் பழனியோ பத்துமலையோ நீங்கள் எங்கையும் போகலாம்," என்றார்.

அங்கேதான் வாய் தவறியது. போன வருஷம் கொரியாவில் ஒரு மலைக்கு நடக்கப் போக இருந்தோம், இதனால்தான் போகவில்லை என்றேன்.

"அங்க என்ன கோயில்?"

"கோயிலுக்கு இல்ல ஐயா. சும்மா நடக்க. பூங்கா."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "துடக்குக்காரர் சுவாமியிருக்கிற மலைக்குப் போகப்படாது எண்டுதானே வைச்சிருக்கினம். காலாற நடக்கிறதுக்கு ஆர் தடை சொன்னது? இந்த ஏற்றத்தில இருக்கிற சனம் துடக்கெண்டாலும் ஏறித்தானே வேலைக்கு, கடைக்கு எண்டு போகினம்?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு வேடிக்கை.

ஆர்ச்வே நிலையத்துக்கு எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கென்னிங்டனில் ரயில் மாறும்வரை, இதை அவளிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? சட்டம் என்று ஒன்று இருந்தது, அதற்குப் பணிந்தோம் என்றாவது அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். மோர்டனில் இறங்கும்போது, சொல்லாமல் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் போன பிறகு, அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். குருக்கள் சொன்னதைச் சொன்னேன். தடை என்று ஒன்று இருக்கவே இல்லை, நான்தான் இழுத்துப் போட்டேன், நீ ஏறியிருப்பாய் என்றேன். டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அம்மா போனபோது வராத அழுகை அப்போது வந்தது.

அவள் கொஞ்சமும் அதிரவில்லை.

"தெரியும்," என்றாள். மூச்சு வாங்கினாள். "போன வருசமே... கோயில்ல வேற ஒரு ஐயரிட்டக் கேட்டனான். பிரச்சினை இல்லை, போங்கோ எண்டவர்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியிருந்தது அவளுக்கு.

"கொள்ளி வைக்கவும் கிடைக்கேல்லை உங்களுக்கு. அழவும் இல்லை. மலைக்கு வரேல்லை எண்டு சொன்ன அண்டைக்குத்தான்... முகம் கொஞ்சம் ஆறினது. அதையும் நான் பறிக்கிறதே?"

அம்மாவுக்காக மலையை விட்டேன் என்று ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அந்த மலை ஒருநாளும் வேண்டியிருக்கவில்லை. விட்டது அவள்.