அப்பா வாங்கிச் சேர்த்த டென்மார்க் கோப்பைகள்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே ஒரு கோப்பையின் படம் இருக்கிறது. அச்சகத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு, "பிளாக்கு மாறி வந்துருச்சுபோல அக்கா, எடுத்துரவா?" என்று கேட்டார். மாறி வரவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் கோப்பையில்தான் தொடங்க வேண்டும். யாருக்குச் சங்கடமாக இருந்தாலும் சரி.

அப்பா பிறந்தது திருவாதவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அந்த ஊர் டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்கள் ஆட்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. குடித்ததும் அவரவரே கழுவி, கூரையில் தனியாகச் செருகிவிட்டு வர வேண்டும். இதையெல்லாம் எழுதாதே, 'எளிய குடும்பத்தில் பிறந்து' என்று போடு என்றார்கள் உறவினர் சிலர். எளிமையாம்! சிரட்டையில் குடிக்க வைத்ததற்குப் பெயர் எளிமை இல்லை.

லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, திருமங்கலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பா ஜீப் டிரைவராகச் சேர்ந்தார். அங்கே பெரிய டாக்டர், டென்மார்க் நாட்டு அம்மையார். முதல் நாள் அவர் தம் வீட்டுக் கோப்பையிலேயே அப்பாவுக்குக் காப்பி கொடுத்தார். வெளியே கருப்பட்டிப் பாகு நிறம், உள்ளே காடை முட்டைபோலப் புள்ளிகள், கையில் எடுத்தால் நல்ல கனம். அப்பா வாசலில் நின்று குடித்தார். கழுவினார். பழக்க தோஷம், மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் குழாயடிச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மறுநாள் அது மற்றவற்றோடு ஆணியில் தொங்கியது. அப்பா குடித்துவிட்டுத் திரும்பவும் ஒளித்தார். மூன்றாம் நாள் டாக்டரம்மா தமக்குத் தெரிந்த தமிழில், "டிரைவர், இந்தக் கோப்பை உங்களுக்குப் பிடிக்கவில்லையா? வேறு தரட்டுமா?" என்று கேட்டாராம்.

"அன்னிக்குத்தான் தாயி எனக்குக் கோவமே வந்துச்சு," என்பார் அப்பா. "அவுக மேல இல்ல, எம்மேல. அம்புட்டுத் தூரம் தாண்டி வந்தும் அந்தச் சிரட்டைய நானே தூக்கிட்டு வந்திருக்கேன் பாரு!"

அந்தக் கோப்பைகள் கம்பெனியில் அச்சில் போட்டு எடுத்த பீங்கான் இல்லை என்று டாக்டரம்மாதான் சொல்லிக் கொடுத்தார். அவர் நாட்டில் ஒருவர், இருவராகச் சொந்தப் பட்டறை வைத்துக் கையால் வனைந்து, மண் கல்லாக இறுகும்வரை சுட்டவை. அடியில் வனைந்தவரின் குறி கீறியிருக்கும். எழுபதுகளின் நடுவில் அவர் ஊர் திரும்பும்போது இரண்டு கோப்பைகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் என் அப்பா இல்லையே! வெள்ளைக்காரர் யாராவது வீட்டைக் காலி செய்கிறார் என்று காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலுக்கே பஸ் ஏறிவிடுவார். மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றையும் விட்டதில்லை. ஒரு பழைய நோட்டில் அந்தக் குறிகளைப் படம்போல வரைந்து வைத்திருந்தார். இங்கிலீஷ் தெரியாது, குறி தெரியும். கவிழ்த்து அடியைப் பார்த்து, நகத்தால் சுண்டி ஓசை கேட்டு, பிறகுதான் வாங்குவார். ஒருமுறை மடியில் பெரிய கிண்ணத்தோடு வந்தவரைப் பார்த்து கண்டக்டர், "என்னண்ணே, ஆட்டுக்கல்லுக்கு டிக்கெட் வேணாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "ஊரு உலகத்துல ஆம்பளைக நிலம் வாங்குறாக, நக வாங்குறாக. இவரு சட்டி வாங்குறாரு!" ஆனால் மதுரை ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் வரிசையாக ஆணி அடித்தது அம்மாதான். ஆளுக்கொரு கோப்பை என்று எங்கள் வீட்டில் கிடையாது. கைக்கு எட்டியதை எடுக்க வேண்டும், அதுதான் அப்பா போட்ட சட்டம்.

ஒரு நாள் அப்பாவின் ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் ஆட்கள் காலம் காலமாகக் கூலிக்கு நின்றது அவர் வயலில்தான். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துத் தரவேண்டும் என்று வந்திருந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, எதிரே தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன்.

"காப்பியெல்லாம் வேணாம்ப்பா. கடையில ஒரு கலர் வாங்கியாரச் சொல்லு, போதும்."

எங்கள் வீட்டுக்கு அப்படிப்பட்டவர்கள் வந்தால் மூடி போட்ட கலர் சோடாதான் குடிப்பார்கள். பாட்டிலுக்குள் எங்கள் கை படாதல்லவா. அப்பாவுக்குத் தெரியாததா?

"கலர் இல்லைங்க. காப்பிதான் இருக்கு," என்றார்.

பெரியவர் கோப்பையைத் தொடவில்லை. பேசி முடிக்கும்வரை அது ஆறிக்கொண்டே இருந்தது. அப்பா அதை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு, "வாங்க, உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போவோம். வைத்தியம் வேற, காப்பி வேற," என்று எழுந்தார். அந்த அம்மாள் குணமாகித்தான் வீடு போனார்.

கடைசி நான்கு மாதம் அப்பாவுக்கு ஒரு கை விழுந்துவிட்டது. மற்றக் கையால் கோப்பையை அவரே பிடித்துத்தான் கஞ்சி குடித்தார். ஊட்ட வந்தால் முறைப்பார்.

சாவு வீட்டில் மண்பாண்டத்தை வெளியே எறிந்துவிடுவது எங்கள் வழக்கம். பித்தளையும் எவர்சில்வரும் கழுவினால் போதும். கருமாதி அன்று பெரியப்பா தண்ணீர்ப் பானையை வெளியே வைத்துவிட்டு, ஆணிகளின் பக்கம் வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"மண்ணுன்னா வெளிய போகணும் தாயி. அது முறை."

இது கல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. "மண்ணுதான் பெரியப்பா. எங்க அப்பா வாய் வச்ச மண்ணு. சிரட்டையும் முறைன்னு சொல்லித்தானே உங்க ரெண்டு பேரு கையிலயும் குடுத்தாக?" என்றேன். கத்தித்தான் சொன்னேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. பெரியப்பா ஒரு கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டி, "இதுல காப்பி போட்டுக் கொண்டா," என்றார். குடிக்கும்போது அழுதார். நானும் அழுதேன்.

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைத்துவிட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், முறை வைத்து வந்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும், தோள் கொடுத்த டிரைவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. காப்பியைத் தொடாமல் எழுந்து போனவர்களுக்கும் ஒரு நன்றி உண்டு. அப்பாவின் முதுகு நிமிர்ந்தே இருந்ததற்கு அவர்களும் காரணம்.

நினைவு நாளன்று எல்லோரும் வீட்டுக்கு வரவேண்டும். கோப்பைகள் ஆணியில் தொங்கும். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். கலர் வாங்கி வைக்கவில்லை.

— மகள்