எல்லா மெஷினுக்கும் பொட்டு

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பிரஸ் கம்பெனியை நினைத்தால், முதலில் கண்முன் வருவது ஒரு குங்குமப் பொட்டுதான். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பின் மேல், எண்ணெய்ப் பிசுக்கில் குழைந்து, ஈரமாகவே இருக்கும். வெளியாள் பார்த்தால் பக்தி என்று நினைப்பார். நாங்கள் அதைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வோம்.

தகடு வெட்டும் பிரஸ் அது. பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு ஒரு முறை இறங்கி அடித்துவிட்டு, ஏறி நின்றுவிட வேண்டும். அதன் பிறகு கையை உள்ளே விட்டு, வெட்டிய துண்டை எடுப்போம். உள்ளே ஏதாவது தேய்ந்துபோனால், மிதிக்காமலேயே இரண்டாவது தடவையும் இறங்கிவிடும். 'டபுள் அடிக்குது' என்போம். அந்த நேரம் கை உள்ளே இருந்தால் அவ்வளவுதான். எங்கள் ஷெட்டில் விரல் போனவர்கள் இருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது நான் தட்டை மட்டும்தான் பார்ப்பேன்.

புகார் சொன்னால் மெஷின் நிற்கும். மெஷினை நிறுத்தியவனை சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார். நாங்கள் எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள். ஷிப்டு மாறும்போது ஒருவரோடு ஒருவர் பேசவும் கூடாது. சங்கம் வைக்கப் பேசுகிறோம் என்று சந்தேகப்படுவார்கள். அதனால் யாரோ ஒரு வழக்கத்தை ஆரம்பித்து வைத்திருந்தார்கள். டபுள் அடிக்கிற மெஷினுக்கு, போகிற ஆள் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவான். வருகிறவன் அதைப் பார்த்து, கையை விடாமல் கம்பியால் துண்டைத் தள்ளி எடுப்பான். வேலை குறையும், திட்டு விழும், விரல் இருக்கும்.

நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கமாட்டேன். எனக்கு முந்தின ஷிப்டில் என் மெஷினிலேயே நின்றவர் ஆவடிக்காரர், கழுத்தில் ஜெபமாலை போட்டிருப்பார். எல்லாருக்கும் அவர் அண்ணாத்தேதான். அதற்கு முன்பு நாங்கள் ஒரே ஷிப்டில் இருந்த நாட்களில், அவர் பொட்டு வைப்பதைப் பார்த்து ஒருவன் கேட்டான்: "இன்னா அண்ணாத்தே, ஃபாதருக்குத் தெரியுமா?"

"அவுருக்கு இன்னாடா, பத்து வெரலால ஆசீர்வாதம் பண்றாரு. எனுக்கும் பத்து வேணும்ல?"

ஒரு நாள் முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். பொட்டைப் பார்த்து மனம் குளிர்ந்துபோய், "பசங்களுக்கு பக்தி இருக்குய்யா. இனிமே வெள்ளிக்கிழமை எல்லா மெஷினுக்கும் வெச்சுடு" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதிய ஷிப்டுக்கு உள்ளே போனேன். வரிசையாக எல்லா மெஷினிலும் சிவப்பு. கற்பூர வாசனை. எது கெட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் கம்பியை எடுத்தேன்.

"நல்ல மெஷினுக்கு இன்னாத்துக்குடா கம்பி?" சூப்பர்வைசர் அதைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்டு, என் பின்னாலேயே நின்றார்.

பெடலை மிதித்தேன். இறங்கி ஏறியது. கையை நீட்டினேன்.

"கைய எடு நைனா." சுவிட்சுப் பலகை பக்கமிருந்து ஒரு கத்தல்.

கையை இழுத்துக்கொண்டேன். இரும்பு தானாகவே இறங்கி அடித்தது. மறுநொடி மெயின் சுவிட்சு அணைந்து ஷெட் முழுவதும் அமைதியாகிவிட்டது. ஷிப்டு முடிந்து போன அண்ணாத்தே சுவிட்சுப் பலகை பக்கத்தில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"டபுள் அடிக்குது சார். காலைலேர்ந்தே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா தொரத்துவ. இப்பவும் தொரத்தத்தான் போற. சொல்லிட்டே போறேன்."

அப்படியே கேட்டைத் தாண்டிப் போனார்.

கொஞ்ச காலத்தில் நானும் அங்கிருந்து விலகி வேலப்பன்சாவடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாளே ஃபோர்மேன் ஒரு சிவப்புப் பட்டனைக் காட்டி, "சத்தம் மாறுனா அமுக்கிட்டு என்னைக் கூப்புடு" என்றார். நான் நம்பவில்லை. ஒரு நாள் சத்தம் மாறியது. அமுக்கினேன். அமுக்கிவிட்டுச் சட்டையை மாட்டி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய் நின்றுவிட்டேன். ஃபோர்மேன் ஸ்பேனரோடு தேடிக்கொண்டு வந்தார். "எங்கப்பா கெளம்பிட்ட? வா, எப்படிச் சத்தம் வந்துச்சுன்னு சொல்லு." இன்றுவரை நான் அங்கேதான் இருக்கிறேன். கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அவசர வேலை வந்தால் யாரும் சொல்லாமலே நின்று முடித்துக் கொடுப்பேன்.

அந்த ஃபோர்மேனிடம் ஒருமுறை தயங்கித் தயங்கி அண்ணாத்தேயைப் பற்றிச் சொன்னேன். "அந்த மாதிரி ஆளுதான் வேணும், கூட்டிட்டு வா" என்றார். ஆவடி மார்க்கெட்டில் அண்ணாத்தே வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"மெஷின் பக்கமே வேணாம் நைனா. நீ என்னைப் பெரிய தைரியசாலின்னு நெனச்சிக்கினு கீற. அன்னிக்கு நான் ஸ்டாப்புக்கே பூட்டேன். பஸ் வந்துச்சு. ஒரு கால படியில வெச்சிட்டேன். கண்டக்டரு விசிலும் ஊதிட்டான்." ஒரு சீப்பை எடுத்துத் திருப்பி வைத்தார். "தூக்கத்துல டெய்லி அந்த பஸ்ல போய்க்கினே கீறேன். எறங்கவே மாட்டேங்கிறேன்."

மறுநாள் ஃபோர்மேன் கேட்டார். "வரலயா? ஏனாம்?"

"பயமா இருக்காம் சார்."

"மெயினையே ஆஃப் பண்ண ஆளுக்கா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவர் அந்த மாதிரி ஷெட்டில் வேலை பார்த்ததில்லை. நான் என் மெஷினுக்குப் போனேன்.