பூசை அறைச் சுவருக்கு அப்பால் ஒலித்த செல்லோ

மன்றுள் ஆடும் பெருமானின் மலரடி முன்நிற்க.

சுபகிருது ஆண்டு, ஆவணித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி நன்னாளில் என் தமக்கையார் சிவபதம் எய்தி ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் இனிய சொற்களை எதிர்பார்ப்பீர்கள். அவை என்னிடம் இல்லை.

தமக்கையார் உழவர்கரையில் பிறந்தார். இருபத்தாறு வயதில் கணவரை இழந்து, நகரில் என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் தையல் வேலை செய்து தம் உணவுக்குத் தாமே உழைத்தார். அவரைப் பொறுமையின் வடிவம் என்று எழுதச் சொன்னார்கள். பொய் எழுத மாட்டேன். அவர் நாவு ஊசியினும் கூரியது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஆண்டில், தம் ஐம்பத்து நான்காம் வயதில், துணி கொடுக்கப் போன வீட்டில் ஒரு பிரெஞ்சுக்கார மதாமிடம் செல்லோ கற்கத் தொடங்கினார். வயலினைப் போல் நான்கு மடங்கு பெரிது. தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, வில்லால் வாசிப்பது. இரண்டாண்டு கழித்து மதாம் பிரான்சுக்குக் கப்பலேறியபோது அதை இவருக்கே கொடுத்துவிட்டார். ரிக்‌ஷாவில் அந்தப் பெட்டி வந்திறங்கியதைக் கண்ட எங்கள் சிற்றப்பா மகன், "இன்னாண்ணே, பெரியக்கா பொணப்பொட்டிய இப்பவே வாங்கியாந்துட்டாங்களா?" என்று சிரித்தார்.

"உன் அளவுக்குத்தான்டா பாத்து வாங்கியாந்தேன். படுத்துப் பாக்கறியா?" என்றார் தமக்கையார்.

அந்தச் சொல்லில் சினந்து அன்று போன உறவினர் பிறகு படியேறவில்லை. நானும் அவர்கள் பக்கமே நின்றேன். அந்த ஓசையை வெறுத்தேன். மாடு கதறுவது போல ஓராண்டு கேட்டது.

நான் மார்கழி விடியலில் பூசை அறையில் பதிகம் பாடுபவன். தெருவார் வந்து கேட்பார்கள். சுருதிப் பெட்டி கூட வைத்துக்கொள்ளாமல் பாடுவது என் செருக்கு. தமக்கையார் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: "திருவாதிரைக்கு ஒரு தடவ, சாமி முன்னாடி உன் பாட்டுக்கு வாசிக்கட்டுமா தம்பி?"

"ஆட்டுக்குடல முறுக்கின நரம்பு அது. சாமி ரூம்புக்குள்ள வரக்கூடாது."

"கோயில் மத்தளத்துக்கு இன்னா, வாழைப்பட்டையா கட்டியிருக்காங்க?"

சினந்தேன். "நீ கால விரிச்சு உக்கார்ற லட்சணத்துக்கு அது வேற ஒரு கேடா?" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த மார்கழியில் உச்சத்தில் என் குரல் இறங்கத் தொடங்கியது. வயது. மறுநாள் சுவருக்கு அப்பால் அடுத்த அறையிலிருந்து ஒரே ஒரு சுரம், மெல்ல, விடாமல் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு என் குரல் ஏறியது. நான் கேட்டேன். கேளாதது போல் பாடினேன். மூன்று மார்கழி இப்படியே கழிந்தது. தெருவார் என் குரலை வியக்கும்போது, "அவன் அருள்" என்பேன். களித் தட்டுடன் வரும் தமக்கையார், "அருளுக்கு இன்னும் கொஞ்சம் களி வைக்கட்டுமா தம்பி?" என்பார்.

சென்ற ஆண்டு மார்புச் சளியில் அவர் படுத்தபோது அருகில் அமர்ந்து, "அக்கா, இந்தத் திருவாதிரைக்கு உள்ளயே வந்து வாசி" என்றேன்.

"ஏன், நரம்ப மாத்திட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப உன் குரல்தான் போயிடுச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்தாம் நாள் உயிர் பிரிந்தது.

அடுத்து வந்த திருவாதிரையில் என் குரல் இரண்டாம் அடியிலேயே விழுந்தது. துயரம் என்று ஆறுதல் சொன்னீர்கள். துயரம் அல்ல. நீங்கள் மூன்றாண்டு புகழ்ந்தது அவர் கையை. அதை அவர் இருக்கும்போது சொல்லாத கயமை என்னுடையது.

கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மையாருக்கும், அழைத்த வேளையெல்லாம் வந்த மருத்துவருக்கும், பாடை சுமந்த தெருவாருக்கும் என் நன்றி. படியேறாதிருந்துவிட்டு இன்று இரங்கற்பா அனுப்பிய உறவினர் பாக்களை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. செல்லோவைப் பூசை அறையில் வைத்து மாலையிடச் சிலர் சொல்கிறார்கள். அழைத்திருக்க வேண்டியது அவரை, அதையல்ல. அது அடுத்த அறையிலேயே இருக்கும்.

இதைப் படிப்போர் யாவரும், உள்ளே வரக் கேட்பவர் உயிரோடிருக்கும்போதே கதவைத் திறக்கும் நெஞ்சம் பெற்று, நீடூழி வாழ்க.