கீழறைச் சுவரின் ஈரம்

ஏலக்காய் உலர்த்துவதில் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. மேல்தோல் மொறுமொறுவென்று இருந்தாலும் நம்பமாட்டேன். ஒரு காயை உடைத்து, விதை கருத்து உதிர்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டை கட்டவிடுவேன். அப்படிப்பட்ட நான், தம்பியின் கல்யாணத்துக்காக ஒரு சுவரை மேலோடு உலர்த்திப் பெயிண்டு அடித்தேன்.

போடிமெட்டுச் சரிவில் எங்கள் வீடு. அதன் அடியில் பாதி மண்ணுக்குள் புதைந்தாற்போல் ஒரு கீழறை. மண்ணை ஒட்டிய பின்சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து கொட்டிக்கொண்டே இருக்கும். தம்பிக்கும் வரப்போகும் பெண்ணுக்கும் அந்த அறையைத்தான் ஒதுக்கியிருந்தோம். ராசிங்காபுரத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்து பார்த்தார். மகளுக்கு இளைப்பு உண்டு, ஈரம் ஆகாது என்று மறைக்காமல் சொன்னார். சுவரைப் புதுசாக்கிவிடுகிறேன், ஈரம் அண்டாது என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான்.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். கல் தெரியக் கொத்தி, பின்னால் மண்ணை வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டு, இரண்டு மாதம் காயப்போட வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு இருந்ததோ இருபது நாள். உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்தச் சொல்லி மேலே சிமெண்டு பூசவைத்தேன். நாலு கரி அடுப்பைக் கொண்டுபோய் வைத்து, ஏலக்காயை வாட்டுவதுபோல் சுவரை வாட்டினேன். மூன்றாம் நாள் தொட்டால் உலர்ந்திருந்தது. இளம்பச்சை டிஸ்டம்பர் இரண்டு கோட்டு அடித்தோம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் மழையிலேயே பச்சை உப்பியது. ஆடியில் அந்தப் பெண் படுக்கமுடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். சுவர் ஏன் இப்படி ஆகிறது என்று தம்பி கேட்டான். அறைக்குள் கொடியில் ஈரத்துணி தொங்கியது என் கண்ணில் பட்டது. மழைக்காலத்தில் மலையில் யார்தான் வீட்டுக்குள் துணி காயப்போடுவதில்லை? ஆனாலும் அவள் காதில் விழும்படியே சொன்னேன்.

"ஈரத்துணிய உள்ள போட்டா செவரு என்னடா செய்யும்?"

அவள் அன்றே கொடியை அவிழ்த்தாள். பிறகு சாரலில் வெளியே நின்று பிழிந்து பிழிந்து உலர்த்தினாள். அரைகுறையாய்க் காய்ந்த சேலையையே உடுத்தினாள். ஒவ்வொரு கோடையிலும் உப்பின இடத்தைத் தானே சுரண்டி வெள்ளையடித்தாள், தன் தப்புக்குப் பரிகாரம் செய்வதுபோல. எட்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன்.

கடைசியில் பூச்சு பாளமாக விழுந்தபோது அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். கல் தெரியக் கொத்தியதும், அந்தக் கோடையிலும் கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்து வழிந்தது. அவள் அதில் விரலை வைத்துப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப என் துணியால இல்லையா, மாமா?"

கொத்தனார் கொத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது இந்த வருசம் புதுசா வந்த ஊத்தும்மா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். இந்த முறை தண்ணீருக்கு வழி வெட்டி, மூன்று மாதம் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். சுவர் அப்புறம் உப்பவேயில்லை. அவள் மட்டும் அடுத்த மழைக்கும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.