மணி அடிக்காத ஐந்து நாட்கள்

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல்தான் அசைந்தன. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிற நான் சும்மா இருப்பேனா? கட்டிலில் ஒரு தகட்டைத் தொட்டால் அடுப்படியில் மணி அடிக்கும்படி செய்தேன். கோம்பையில் எங்கள் வீட்டில் என் லேப்டாப்பிலிருந்து கரண்ட் கொடுத்துச் சோதித்தேன், அடித்தது. பிறகு வயரை போன் சார்ஜரில் செருகிவிட்டு, திங்கட்கிழமை காலை வேலைக்காகத் தேனிக்கு பஸ் ஏறினேன்.

அம்மா தினமும் போனில் ஒன்றையே சொன்னாள். "ஒரு தடவகூட அடிக்கலப்பா. அவுகளுக்கு ஒண்ணும் வெளங்கல போல. புத்தி எம்புட்டுத் தெளிவா இருக்குன்னு சொல்ல முடியாதுன்னுதான டாக்டரும் சொன்னாக." டயப்பர் மாட்டத் தொடங்கியிருந்தாள். மாட்டும்போது அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் போனதும் அவர் விரலைத் தகட்டில் வைத்தேன். அடிக்கவில்லை. "அழுத்தித் தொடுங்கப்பா, எத்தன தடவ சொல்றது" என்று கத்தினேன். எனக்குப் பொறுமை கிடையாது, நோயாளியிடமும் கிடையாது. ஆத்திரத்தில் நானே ஓங்கித் தொட்டேன். அப்போதும் அடிக்கவில்லை.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். தொட்டால் தகட்டுப்பக்கமிருந்து மூன்று புள்ளி மூன்று வோல்ட் சரியாகக் கிளம்பியது. மணிப்பக்கத்துச் சிப் ஓடுவதோ ஐந்து வோல்ட்டில். மூன்றரையாவது வந்தால்தான் அது தொட்டதாகவே எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பின் நீள வயரில் ஐந்து வோல்ட் கொஞ்சம் இறங்கி வந்ததால் சிப்பின் எதிர்பார்ப்பும் இறங்கி, அன்று தப்பித்திருக்கிறது. சார்ஜரில் முழு ஐந்து. இதை வருடாவருடம் நடத்துகிறேன். எழுதாத பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைக்கவும் செய்கிறேன்.

மீட்டரைப் பார்த்தபடி, "அப்பா, ரெண்டு தடவ தொடுங்க" என்றேன். எண் இரண்டு முறை ஏறி இறங்கியது. "மூணு தடவ." மூன்று முறை ஏறியது. அப்பாவுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். இவ்வளவு நிம்மதியாக நான் அழுததே இல்லை.

பையில் ஒரு லெவல் கன்வெர்ட்டர் கிடந்தது. விரல் நகமளவு பலகை. மூன்று புள்ளி மூன்றை வாங்கி ஐந்தாக்கிக் கொடுக்கும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வைத்துப் பற்றவைத்தேன். அப்பா தொட்டதும் மணி அடித்தது. அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "அப்ப இந்த அஞ்சு நாளும் இங்கன கெடந்து என்னயக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தீகளா?"

அப்பா தகட்டில் விரலை வைத்தார், எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.