ஏழாவது போர்ட்

ஓரிடத்தில் உட்கார்ந்து பொறுமையாக வேலை பார்ப்பது என் ஜாதகத்திலேயே இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் மருத்துவமனையே ஸ்தம்பித்துப் போகும் வேலை.

பாகூர் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஸ்டோரேஜ் சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர்களையும் டிஸ்க்குகளையும் இணைக்கிற பெட்டிகள் அவை. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சுவிட்சை அட்மின் டொமைன்களாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாக உலை வைப்பது போலத்தான். லேபின் போர்ட், அதாவது அதன் கேபிள் செருகியிருக்கும் துளை, தனி டொமைனுக்குப் போகும், மற்றதெல்லாம் பழையபடி பொதுவில் இருக்கும். லேபைக் கவனிக்கும் வெளிக் கம்பெனிக்காரர் உள்ளே வந்தால், ஸ்கேன் படங்கள் இருக்கும் பக்கம் அவர் கண்ணுக்கே தெரியாது.

எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் என்று சொல்ல, சர்வர் அறையில் ஒருவர் இருந்தார். நல்லவாடு ஊர்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒப்பந்த வேலை. முந்தைய மாதம் தப்பான கேபிளை உருவிவிட்டார். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே அவரிடம் சொல்லியிருந்தார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. 'அப்ளை' கொடுக்கிற வரை, தட்டிய எதுவும் சுவிட்சில் நடப்புக்கு வராது. அதற்கு முன்னால் நான் திரையில் உள்ள போர்ட் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அவர் பெட்டியில் அச்சடித்த எண்மேல் விரலை வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அன்று கீழே உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. மைக்செட் காதைக் கிழித்தது. சாப்பிட வரச்சொல்லி மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். போனில் அவர் குரல் அறுந்து அறுந்து வந்தது. லேப் கேபிள் எதில் என்று கேட்டேன். ஏழாவது என்றார். ஏழு என்று தட்டினேன்.

"படிச்சுக் காட்றியாம்மா?" என்று அவராகத்தான் கேட்டார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "அதெல்லாம் வேணாண்ணா, நான் பாத்துட்டேன்" என்று சொல்லி அப்ளை கொடுத்தேன். நிச்சயமா என்று சுவிட்ச்கூடக் கேட்டது. அதற்கும் ஆமாம் என்று தட்டினேன்.

சுவிட்ச் பூஜ்யத்திலிருந்து எண்ணும்; பெட்டியில் அச்சடித்த எண்களும் அப்படித்தான். விரல் வைத்து எண்ணுகிற மனிதன் ஒன்றிலிருந்து எண்ணுவான். அவருடைய ஏழாவது போர்ட், என் திரையில் ஆறு. ஏழில் இருந்தது ஸ்கேன். இது எனக்குத் தெரியாதா என்ன? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம்.

அது லேப் டொமைனுக்குப் போனதில், ஸ்கேன் படங்கள் அத்தனையும் மறைந்துபோயின. அவசரப் பிரிவிலிருந்து போன் மேல் போன். ஒருவழியாக ஏழை எடுத்து, ஆறைச் சேர்த்து, இந்தத் தடவை ஒழுங்காக வாசித்துக் காட்டினேன். அவர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். படங்கள் வந்துவிட்டன. நல்லவேளை, எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் உடனே எல்லோரையும் கான்பரன்ஸில் கூப்பிட்டார். மைக்செட் சத்தம் கேட்கக்கூடாதென்று என் மைக்கை அணைத்து வைத்திருந்தேன். என்ன நடந்தது என்று கேட்டார்.

"நாந்தான் சார் ஏழாவதுன்னு சொன்னேன். எம்மேலதான் தப்பு" என்றார் நல்லவாட்டுக்காரர்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். நான் எழுந்தேன், அறைக்குள் நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். யார் எந்தக் கட்டளையைத் தட்டினார்கள் என்பதைச் சுவிட்ச் பதிந்து வைக்கும். யார் வாசிக்கச் சொன்னார், யார் வேண்டாமென்றாள் என்பது எதிலும் பதியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

சரி சார் என்று சொல்லிவிட்டு அவர் அழைப்பிலிருந்து போய்விட்டார். அதற்கப்புறம்தான் மைக்கைப் போட்டேன்.

"சார், அவரு படிச்சுக் காட்டச் சொன்னாரு. நாந்தான் வேணான்னுட்டேன்."

என் குரலோடு காதுகுத்துப் பாட்டும் சேர்ந்து போனது. இதை எழுத்தில் அனுப்பு என்றார் மேனேஜர். அனுப்பினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் வேலை தப்பியது.

நான் பேசினேன் என்று மேனேஜர் சொல்லி அவருக்குத் தெரியும். அவர் போன பிறகுதான் பேசினேன் என்பதும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும், "மைக்கு போட்டுக்கினியாம்மா?" என்று மட்டும் கேட்கிறார். போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பூஜ்யத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறேன்.