தட்டாமல் திறக்கும் கதவு

சில வருடங்களுக்கு முன், ஹனோவரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. எங்கள் எதிர்க்கதவில் எண்பதை நெருங்கிய ஒரு ஜெர்மன்காரர் தனியே இருந்தார். மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனால் எதைப் பற்றிக் கேட்டாலும் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். அவர் ஜெர்மனில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்காரி நான். வடை சுட்டால் பக்கத்து வீட்டுக்கு நாலு கொண்டுபோகாமல் இருக்க முடியுமா? குடிவந்த புதிதில் ஒரு ஞாயிறு மத்தியானம் தட்டோடு போய் மணியை அடித்தேன். கதவை ஒரு சாண் திறந்து, "டேர்மின் இருக்கோ?" என்று கேட்டார். முன்கூட்டியே நேரம் பேசிவிட்டு வந்தாயா என்று அர்த்தம். வடைக்கு டேர்மினா! எனக்கு முகம் எரிந்தது. இந்த ஆளின் வாசலை இனி மிதிப்பதில்லை என்று திரும்பிவிட்டேன்.

பிறகு எங்கள் வோஷிங் மெஷின் வாங்கிய சில மாதத்திலேயே நின்றுபோனது. கடையில் திருத்தக் காசு கேட்டார்கள். நாங்களும் வாய் பேசாமல் கொடுக்க இருந்தோம். படியில் இதைக் கேள்விப்பட்ட எதிர்வீட்டு மனிதருக்குப் பொறுக்கவில்லை. "காசோ? சும்மா திருத்தித் தாறது அவையின்ர கடமை!" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். குரலை உயர்த்தாமலே மனேஜரை வியர்க்க வைத்தார். புது மெஷின் வந்தது. போன் பண்ணிவிட்டு வந்தால் வடை சாப்பிடுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அப்படித்தான் பழக்கமானோம். ஒருமுறை இலங்கைக்குச் சுற்றுலா போனாராம். தங்கிய வீட்டில் தட்டாமலே உள்ளே வந்து தேத்தண்ணீர் வைத்தார்களாம், வயதென்ன, சம்பளமென்ன, ஏன் பிள்ளையில்லை என்று கேட்டார்களாம். அந்த அதிர்ச்சியை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கண்ணை விரித்துச் சொல்வார். கைத்தொலைபேசி வைத்திருப்பவன் உளவாளியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான் என்பார். விழுந்தால் அழுத்துவதற்குக் கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தானை டொக்டர் எழுதிக் கொடுத்தபோது, "நான் என்ன மாடே, மணி கட்ட?" என்று எறிந்துவிட்டார்.

ஒரு மாசி மாதக் காலையில், தினமும் விடிந்ததும் உயரும் அவருடைய ஜன்னல் ஷட்டர் உயரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நேரே போய்ப் பார்க்க எழுந்தேன்.

"விடுமப்பா, பிறகு அந்தாள் கத்தும்" என்றார் என் கணவர்.

"கத்தினால் கத்தட்டும். கத்திறதுக்கு ஆள் இருக்கோணுமே!"

கதவில் காதை வைத்தேன். உள்ளே எங்கேயோ மெதுவாகத் தட்டும் சத்தம். தீயணைப்புப் படையைக் கூப்பிட்டேன். அவர்கள் கதவை உடைத்ததும் நானும் பின்னாலேயே ஓடினேன். ஐயோ, ஓடியிருக்கக் கூடாது. குளியலறைத் தரையில், உடம்பில் ஒரு துணியில்லாமல், இடுப்பு முறிந்து கிடந்தார். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

உயிர் தப்பியது. ஆனால் வீட்டுக்குத் திரும்ப ஏலவில்லை. முதியோர் இல்லத்தில் ஓர் அறை, கட்டிலோரத்தில், இறங்கிக் கால் வைத்தால் தாதிமாருக்கு மணியடிக்கும் ஒரு விரிப்பு. மணி கட்ட மறுத்த மனிதர் அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச ஒரு கையால தட்டி மற்றக் கையால திறக்கினம்" என்றார் ஒருநாள். "நான் 'ஓம், வாங்கோ' எண்டு சொல்லுறதுக்கு இடமே இல்லை." நிர்வாகத்திடம் முறையிட்டார். தலையாட்டினார்களாம். அடுத்த நாளும் அப்படியே வந்தார்களாம். பாவம், அவர்களுக்கும் ஓய்வில்லாத வேலை. "வோஷிங் மெஷின் எண்டால் திருப்பிக் குடுத்திருப்பன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அன்று நீ ஏன் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது அவருக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. ஆனாலும் போகும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுக் கைப்பிடியைத் தொடாமல் நிற்கிறேன். சிலவேளை உள்ளேயிருந்து "ஓம்" வர வெகுநேரமாகும். கடந்து போகும் தாதிமார், "திறந்துகொண்டு போங்கோ, அவருக்கு ஒண்டும் விளங்காது" என்பார்கள்.

ஓர் உயிரைக் காப்பாற்றினாய் என்று தெரிந்தவர்கள் எல்லாம் என்னைப் புகழ்கிறார்கள். அன்று உடைத்த கதவை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, அதனால்தான் அவர் "ஓம்" சொல்லும்வரை இன்றும் வெளியே நிற்கிறேன்.